வாயைத் திறக்கக் கூடாத சனிக்கிழமை

போன வருஷம் மழை ஆரம்பிக்கிற நேரம். மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் கம்யூனிட்டி ஹாலில் நடந்தது இது.

நான் டெக்னிக்கல் ரைட்டர். மெஷின்களோடு வருமே கையேடு, அதை எழுதுபவன். இருபது வருஷத்துக்கு மேல் அதில் குப்பை கொட்டியும், கம்பெனியில் ஆள் குறைத்தபோது முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். மகள் காலேஜ் சேரும் வருஷம் வேறு. மாதக்கணக்கில் அலைந்ததில் பெருங்குடியில் ஒரே ஒரு இன்டர்வியூ வந்திருந்தது. அதுவும் போனால் இந்தத் தொழிலையே தலைமுழுக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தொழில்காரர்களின் சங்கத்திலிருந்து ஒருவர் விடாமல் போன் பண்ணினார். "உங்கள மாதிரி எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்க வரணும் சார். எழுதினது ஏதாவது ஒரு பக்கம் எடுத்துட்டு வாங்க." எனக்கு இயல்பிலேயே யாரையும் நம்பாத புத்தி. கட்டணம் கிடையாது, டீ சமோசா உண்டு என்றதும் சந்தேகம் இன்னும் ஏறியது. கடைசியில் வைட்டமின் பவுடரை எடுத்து மேஜையில் வைப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். "வீட்ல உக்காந்து விட்டத்தப் பாக்கறதுக்கு, போய்த்தான் பாருங்களேன்" என்று மனைவி தள்ளிவிட்டதால் தாம்பரத்தில் பஸ் ஏறினேன்.

பவுடர் வரவில்லை. என் வயதுள்ள ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கே வேலை, எங்காவது முயற்சி செய்கிறீர்களா என்று கேள்விமேல் கேள்வி. துப்பறிய வந்தவர் மாதிரி பட்டது. "சும்மாதான் மேடம் இருக்கேன்" என்று மழுப்பினேன்.

அங்கே ஒரு வழக்கம். நாம் எழுதிய பக்கத்தை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அதில் உள்ளதை மட்டும் அவர் அப்படியே செய்வார். எழுதியவர் வாயைத் திறக்கவே கூடாது. என் பையில் இருந்தது இன்டர்வியூவுக்காகக் கம்பெனி எழுதி வரச் சொன்ன பக்கம்: தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினில் ஃபில்டர் மாற்றுவது எப்படி. கொடுக்க மனசே வரவில்லை. அந்த அம்மாவே கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஹால் மூலையில் அதே மாதிரி மெஷின் ஒன்று இருந்தது. நான் எழுதியபடியே ஃபில்டர் மூடியைத் திருகினார்.

தண்ணீர் பீய்ச்சியடித்தது. அவர் முகம், துப்பட்டா, தரை எல்லாம் வெள்ளம். முதலில் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடச் சொல்லி நான் எழுதவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழாயை மூடாமல் எந்த மடையனாவது திறப்பானா? வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறார் என்று பல்லைக் கடித்தேன். அவரோ முகத்தைத் துடைத்துக்கொண்டே, "குழாய மூடறத ஃபர்ஸ்ட் லைன்ல போட்டுடுங்க சார். மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை, திருத்திய பக்கத்தோடு பெருங்குடி போனேன். வரவேற்பறை சோபாவில் அதே பெண்மணி. மடியில் அதே ஃபில்டரைப் பற்றி அவர் எழுதிய பக்கம். 'பாத்தியா, நான் நினைச்சது சரியாப் போச்சு!' என்று உள்ளுக்குள் கூவினேன். அடுத்த நொடியே என்னவோ இடித்தது.

"நானும் இதுக்குத்தான் வரேன்னு அன்னிக்கே தெரியுமா மேடம்?"

"பேப்பரப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு சார்."

"அப்புறம் ஏன் என் தப்ப எடுத்துச் சொன்னீங்க?"

"தப்பு கண்ணுல பட்டா சொல்லாம எப்படி சார் இருக்கறது? அதானே நம்ம வேலை."

உள்ளே என் பக்கத்தை வாங்கியவர் முதலில் தேடியது அந்த வரியைத்தான். இருந்தது ஒரே இடம். அது எனக்குக் கிடைத்தது. முதலில் வாழ்த்துச் சொன்னவர் அந்த அம்மாதான்.

அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். எங்காவது இடம் காலி என்று காதில் விழுந்தால் என் முதல் போன் அவருக்குத்தான். சந்தேக புத்தி என்னவோ என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் 'முதலில் குழாயை மூடவும்' என்று எழுதும்போதெல்லாம், தனக்கே கிடைத்திருக்கக்கூடிய வேலையை நனைந்த முகத்தோடு எனக்கு எடுத்துக்கொடுத்த அந்த அம்மா இன்றைக்கும் கண்முன் வந்து நிற்கிறார்.