ஈயம் இறங்கிய பாத்தி

விளாங்குடிக்கு மேற்கே அரை ஏக்கரில் கீரை போட்டுத்தான் பாண்டீஸ்வரி தன் மகளை வளர்த்தாள். புருஷன் லாரியில் போனவன், திரும்பவில்லை. நிலம், அப்பா சொத்தில் அண்ணன் சிவபாண்டி அவளுக்கென்று ஒதுக்கியது. அதை ஒட்டியே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் அவனுடைய ஷெட். அங்கே கழுவிவிட்ட தண்ணீர் வாய்க்கால் வழியாக அவள் பாத்திகளுக்குப் பாயும். காலையில் கீரைக்கட்டுகளை ஆரப்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோவாள். வெள்ளிக்கிழமைகளில் நல்ல கட்டாக நாலு எடுத்து அண்ணன் வீட்டில் கொடுப்பாள்.

மகள் நாகஜோதிக்கு ஒன்பது வயது. போன வருஷம் வாசித்த எழுத்து இந்த வருஷம் தெரியவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மருத்துவர் ரத்தம் குறைச்சல் என்றார். கீரை நிறையக் கொடுக்கச் சொன்னார். பாண்டீஸ்வரி இரண்டு வேளையும் கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இந்துப்ரியா ஒருநாள் வந்து மண்ணும் கீரையும் எடுத்துப்போனாள். ஒரு மாதம் கழித்து வந்தவள், கீரையில் ஈயம் இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு இருப்பதாகச் சொன்னாள். பிள்ளையின் ரத்தத்தைச் சோதிக்க அவளே கூட்டிப்போனாள். அதிலும் இருந்தது. இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், மூளையில் கெட்டது கெட்டதுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அண்ணன் வீட்டிலும் பதினோரு வருஷமாக இதைத் தின்கிறார்களே என்று பாண்டீஸ்வரி நேராக அங்கே ஓடினாள். விஷயத்தைச் சொல்லி, கீரையை இனித் தொட வேண்டாம் என்றாள். சிவபாண்டி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மதினிதான் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நாங்க எங்க தின்னோம்? ஷெட்டு போட்டப்பவே ஒங்கண்ணன் சொல்லிட்டாரு, அந்தக் கீரைய அடுப்புல ஏத்தக் கூடாதுன்னு. நீ போனதும் குப்பையில போட்டுருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல மதினி?"

"சொன்னா ஷெட்ட மூடச் சொல்லுவ."

பாண்டீஸ்வரி புகார் எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டே மாதத்தில் சிவபாண்டி வேறொரு ஊர் எல்லையில் அதே தொழிலைத் தொடங்கினான். பேச்சு பரவியதும் ஆரப்பாளையத்தில் அவள் கீரையை யாரும் தொடவில்லை. வேறு நிலமும் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை.

இப்போது நாகஜோதிக்குக் கடையில் காய் வாங்கிச் சமைக்கிறாள். தன் பாத்தியில் அறுத்ததை, தன்னை யாருக்கும் தெரியாத நாகமலை புதுக்கோட்டையில் கொண்டுபோய் விற்கிறாள். போன வாரம் இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி, குழந்தைக்கு மசித்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"தாராளமா குடு," என்றாள் பாண்டீஸ்வரி, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல்.