புரட்டி விரித்த தறப்பாள்

தோணியில் படுக்க மீராசா கண்டுபிடித்த வழி நல்ல வழிதான். பாய்மரத்தைக் கழற்றி, தோணியின் இரு முனையிலும் நட்ட கவைக்கம்புகளில் முகடுபோலக் கிடத்துவது. அதன்மேல் தண்ணீர் இறங்காத தறப்பாளைப் போட்டு இரு பக்க விளிம்பிலும் இழுத்துக் கட்டுவது. கீழே பலகை அடுக்கினால் இரண்டு பேர் கால் நீட்டலாம்.

சண்டை முடிந்த வருஷம் அது. இரவில் கடலில் தங்கத் தடையில்லை என்றானதும் சாய்ந்தமருதுக்காரர்கள் இரண்டு மூன்று நாள் தொழிலுக்குப் புறப்பட்டார்கள். மீராசாவிடம் இருந்தது எஞ்சின் இல்லாத சின்னப் பாய்த்தோணி. அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் பளீல்தான் கூட வருவான். அவனுக்கோ முட்டு வருத்தம். பனி பட்டால் மூச்சு இழுக்கும். கூரை இல்லாமல் முடியாது. நாலரை வருஷத்துக்கு மேலாகப் பரணில் கிடந்த தறப்பாளை மீராசா இறக்கினார்.

அது பளீலுடைய தறப்பாள். பளீலுக்கு அது தெரியாது.

சுனாமிக்குப் பிறகு இரு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது குடும்பத்துக்கு ஒன்றாகத் தறப்பாள் கொடுத்தார்கள். மினுங்கும் பக்கத்தில் மை பிடிக்காததால் உட்புறத் துணியில் குடும்ப இலக்கத்தை எழுதியிருந்தார்கள். அன்று பளீல் ஆஸ்பத்திரியில் நின்றான். அவன் மனைவி நபீஸா பிள்ளை பெற்றுப் பத்து நாள், காய்ச்சல் வேறு. மீராசா அவனுடையதையும் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கொடுக்கத்தான் வாங்கினார். பின்னேரம் மழை பிடித்துத் தரையில் தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் நனையாமலிருக்க அதைக் கீழே விரித்தார். கழுவிக் கொடுப்போம் என்று நினைத்தார். மழை விடவில்லை. பளீல் வந்து, தன்னுடைய தறப்பாளை எந்தப் பெரியவனோ அமுக்கிவிட்டான் என்று ஊர் கேட்க ஏசினான். அதற்குப் பிறகு மீராசாவுக்கு வாய் வரவில்லை. நபீஸா பேற்று நாற்பது முடியும்வரை வராந்தாவில், பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கு இரண்டுக்கிடையே சேலை கட்டி, போகிற வருகிற ஆண்களுக்கு முன்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

இலக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஒழுங்காக விரித்தால் படுத்திருப்பவன் முகத்துக்கு நேரே அது தெரியும். அதனால் திருக்கோவிலுக்கு அங்கால் ஒரு முகத்துவாரத்தில் தோணியைக் கட்டியதும், பளீலை விறகுக்கு அனுப்பிவிட்டு, தறப்பாளைப் புரட்டி விரித்தார். மினுங்கும் பக்கம் உள்ளே. இலக்கம் வெளியே, கடல் பக்கமாக.

பளீல் விறகோடு திரும்பியதும், அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன்பே மழை கொட்டியது. மேலே திரும்பிய துணிப்பக்கம் தண்ணீரைக் குடித்து, தையல் வழியே சொட்டத் தொடங்கியது.

"காக்கா, தறப்பாளப் புரட்டிப் போட்டிரிக்கிங்க!" பளீல் சிரித்தான். "முப்பது வருஷம் கடல்ல நிண்ட மனிசன், சீல விரிக்கத் தெரியல்ல."

"இப்ப விட்டிரும்."

"மழையா, என்ட மூச்சா?"

அந்தப் பகிடியோடு அவனுக்கு இழுப்பு வந்தது. எழுந்து குந்தி, முழங்காலில் கையூன்றி மூச்சை இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது. மீராசா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தையும் அவர் குற்றத்தில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு வெளியே போய்க் கயிறுகளை அவிழ்த்து, தறப்பாளைத் திருப்பிக் கட்டினார்.

சொட்டு நின்றது. உடம்பைத் துடைத்து, சாய்ந்து, மூச்சு ஆறிய பிறகே பளீல் லாம்பு வெளிச்சத்தில் மேலே பார்த்தான். அரிசிக்கும் பருப்புக்கும் மாதக்கணக்காகக் கூப்பிட்ட இலக்கம் யாருக்கு மறக்கும்?

"இருநூத்திப் பதினாலு," என்றான். "இது எங்கட இலக்கமெல்லுவா?"

"ஓம்."

மீராசா நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் வந்தது. சொல்லிவிட்டு மழைக்குள் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்தார்.

"உள்ளுக்க வாங்க," என்றான் பளீல் கடைசியில். "காய்ச்சல் எடுத்துக் கிடந்தீங்கண்டா நாளைக்குப் பாய ஆரு கட்டுற? மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேணாம். வராந்தாவில கிடந்தவ நான் இல்ல. அவட்டச் சொல்லுங்க."

மறுநாள் வலை போடாமலே திரும்பினார்கள். மீராசா தறப்பாளைத் தோளில் போட்டுக்கொண்டு பளீலின் வாசலில் நின்றார். நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பெருநாளைக்கும் என்ட கையால வட்டிலப்பம் திண்டிங்களே காக்கா," என்றாள். "அது எப்பிடித் தொண்டைக்குள்ள இறங்கின?"

மீராசா தறப்பாளைத் தோளிலிருந்து இறக்கி நீட்டினார்.

"இறங்கினதுதான் தங்கச்சி," என்றார்.

அவள் தறப்பாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.