எழுபத்தொன்றாம் வருடத்துப் பத்து காசு

யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் திருநாவுக்கரசுவுக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மற்றவர்கள் முடித்துத் தந்ததை எடுத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பின் ஆறு மாதம் மனைவி வடிவம்மாளின் சமையலில் குறை கண்டுபிடித்தார். பிறகு, அவளுடைய நல்ல நேரம், பழைய காசு தேட ஆரம்பித்தார்.

வாரம் ஒருமுறை பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கிக்குப் போய் நூறு வெள்ளி நோட்டைக் கொடுத்து, பத்து காசு நாணயப் பொட்டலங்களாக வாங்கி வருவார். சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துக் கொட்டி, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு காசின் வருடத்தையும் பார்ப்பார். நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய காசுகள் சாஸருக்குப் போகும். மிச்சத்தை மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடைகளில் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வார். கடைகளில் சில்லறைக்கு எப்போதும் தட்டுப்பாடு.

வங்கியில் முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு சக்கையைத் தன் தலையில் கட்டுகிறாள் என்று அவருக்கு நினைப்பு. பார்த்து முடித்த காசுகளில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்து வெளியே விட்டார். மூன்றாம் வாரம் நான்கு புள்ளிகள் திரும்பி வந்தன.

"பாத்தியா? என் தலையக் கண்டதும் பழைய பொட்டலத்த எடுத்து நீட்டுறா."

"மளிகக்கடக்காரரு அந்த பேங்க்லதான போடுறாரு? காசு வேற எங்க போவும்?" என்றாள் வடிவம்மாள்.

அந்த விளக்கம் அவருக்கு ருசிக்கவில்லை.

தீபாவளி கழிந்த வாரம் அது கிடைத்தது. 1971ஆம் வருடத்துப் பத்து காசு. அந்த வருடத்துக் காசுக்காகச் சேகரிப்பவர்கள் அலைவார்கள். மூன்று முறை பார்த்தார். எழுபத்தேழு இல்லை, எழுபத்தொன்றுதான். சாஸரில் தனியாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் சாஸர் காலி.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வடிவம்மாள், அவளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொருத்தி ரமணி. இனிப்பு நீர் வியாதியால் அவருடைய வலது கால் பெருவிரலில் விழுந்த புண்ணுக்குத் தினமும் காலையில் மருந்து கட்ட வருபவள். ஐம்பது வயது, நேரம் தவறாதவள். புண் தை மாதத்துக்குள் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது ஆறிக்கொண்டு வந்தது ரமணியின் கையால்தான். அதுவே அவருக்கு இப்போது இன்னும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு கவனமான கை வேறு எதிலெல்லாம் கவனமாக இருக்கும்?

வாய் திறந்து கேட்கவில்லை. மறுநாள் மூன்று பழைய காசுகளை எண்ணிச் சாஸரில் வைத்தார். அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் எட்டு. ரமணி புண்ணைக் கழுவும்போது அவர் கண் அவள் கையுறையிலேயே இருந்தது.

நாலாம் நாள் கட்டுத்துணியைச் சுற்றியபடி, தலை நிமிராமல் ரமணி கேட்டாள்.

"அண்ணே, இந்தத் தட்டுல தெனம் காசு ஏறிக்கிட்டே போவுது. எனக்கு வெக்கிறீங்களா, எலிக்கு வெக்கிறீங்களா?"

"எலி வருஷம் பாத்து எடுக்காதுலா," என்றார்.

அவள் கட்டை முடித்து நுனியை ஒட்டினாள். பிறகு தன் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். கையுறைப் பெட்டி, உப்புத் தண்ணீர் பாட்டில், கத்தரிக்கோல், காகிதத்தில் சுற்றிய இரண்டு ரொட்டி, பஸ் அட்டை. பர்ஸையும் திறந்து உதறினாள். நான்கு புதுக் காசுகள் உருண்டன.

"நல்லா பாத்துக்குங்க. கண்ணாடி வேணும்னா எடுத்துக்குங்க. நாளையிலேர்ந்து வேற ஆளப் பாருங்க."

காசு உருண்ட சத்தத்துக்கு வடிவம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பத்து காசா? நாந்தான் எடுத்தேன். மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கேன். விரலு தப்பிச்சா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் உண்டியல்ல போடுறேன்னு வேண்டிக்கிட்டு."

"ஆயிரம் காசு கெடக்கு. அதுதான் கெடச்சுதா?"

"மத்ததுல எல்லாம் நகப்பூச்சு பூசி வெச்சிருக்கீங்க. சாமிக்குப் புள்ளி வெச்ச காசா குடுப்பாங்க?"

திருநாவுக்கரசு மெதுவாகக் கேட்டார். "அவுத்துட்டு வேற காசு வெச்சா என்ன?"

"முடிஞ்சத அவுப்பீங்களா? சாமி என்ன, மணி சேஞ்சரா?"

ரமணி பொருள்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் உள்ளே போயிற்று, ரொட்டி போயிற்று. அவர் தன் காலைப் பார்த்தார். கட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. முப்பத்தொரு வருடம் பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்குத்தான வருவ?" என்றார்.

ரமணி பையின் ஜிப்பை இழுத்தாள்.

"தப்பு என்னுது, ரமணி."

"அக்கா காதுல விழல," என்றாள் ரமணி.

"விழுந்துச்சு, விழுந்துச்சு," என்றாள் வடிவம்மாள். "இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லட்டும்."

சொன்னார். ரமணி மறுநாள் எட்டுக்கு வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மேசையில் ஒரு காசும் இருக்கக்கூடாது. இரண்டரை மாதம் அவள் போன பிறகுதான் துண்டை விரித்தார்.

விரல் தப்பியது. தைப்பூசத்தன்று வடிவம்மாள் எவ்வளவு சொல்லியும் ரமணி அவரை வெறுங்காலோடு படியேற விடவில்லை. தடித்த காலுறை இரண்டை மாட்டிவிட்டாள். தண்ணீர்மலையில் முடிச்சை அவரே அவிழ்த்தார். காசை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். எழுபத்தொன்றுதான். உண்டியலில் போட்டார்.

பிறகு அர்ச்சனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய்க் குனிந்தார்.

"தம்பி, இந்த உண்டியல் சில்லறைய எந்த பேங்க்ல போடுவீங்க?"

சீட்டுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். திருநாவுக்கரசுவை முகத்திலிருந்து காலுறைவரை ஒருமுறை பார்த்தார்.

"எதுக்கு கேக்குறீங்க?"