நான் ரஷ்யச் சித்தியாக இருந்த காலம்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது சில மாதங்கள் நான் ரஷ்யாக்காரியாக இருந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைத்ததும் ரஷ்யாக்காரியாகிவிட வேண்டும். அது அம்மாவின் உத்தரவு.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் தாத்தாவுக்கு அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அப்பா கடையைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, என்ஜினீயரிங் படிக்க ரஷ்யாவுக்குப் போனவர். படிப்பு முடிந்தும் திரும்பி வரவில்லை. அங்கேயே வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். செய்தி தெரிந்த அன்று தாத்தா கடையிலிருந்து மேலே ஏறி வந்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு மறுபடி கீழே போனாராம். அதன் பிறகு சித்தப்பாவின் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அப்பாதான் விடாமல் சொல்லிச் சொல்லி, அந்த வருஷம் ஓணத்தையொட்டி அவர்கள் இருவரும் வந்து ஒரு மாதம் தங்குவதற்குத் தாத்தாவின் சம்மதத்தை வாங்கினார். சம்மதம் என்றால், “வரட்டும். நான் பேசமாட்டேன்” என்ற அளவுக்குத்தான்.

அம்மா ரஷ்ய மொழி படிக்கப்போவதாகச் சொன்னது அதற்கு அடுத்த வாரம்.

“உனக்கு எதுக்கு அது? என்ன வேணும்னாலும் அவன் மாத்திச் சொல்லிருவான், அது மதி, போதும்,” என்றார் அப்பா.

“தம்பி எந்நேரமும் வீட்லயே இருப்பாவளா? அடுக்களைல நானும் அவளும்தானே முகத்த முகத்த பாத்துக்கிட்டு நிக்கணும்?” என்றாள் அம்மா. அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

நகரத்தில் ஓரிடத்தில் சாயங்காலங்களில் ரஷ்ய வகுப்பு நடந்தது. மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போகவிருந்த பையன்கள்தான் அங்கே நிறைந்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அம்மா, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதல் நாளே அவளுக்கு அந்த எழுத்துகளின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. “இங்கிலீஷ் பி மாதிரி இருக்கு, ஆனா ‘ர’வாம். எச் மாதிரி இருக்கு, ஆனா ‘ன’வாம். என்ன ஏமாத்து வேலைட்டி இது?” என்று என் காதில் முணுமுணுத்தாள். எழுத்தைத் தாண்டினால் இலக்கணம் நின்றது. ஒரு மேசையைப் பற்றிப் பேச வேண்டுமானால், மேசை மேல், மேசைக்கு, மேசையோடு என்று ஒவ்வொன்றுக்கும் வால் மாறியது. அதுகூடப் பரவாயில்லை, நம் மொழியிலும் மாறத்தான் செய்கிறது. ஆனால் மேசை ஆணாம், புத்தகம் பெண்ணாம். வீட்டில் அரிசி களைந்துகொண்டே அம்மா வால்களை மனப்பாடம் செய்வாள். வகுப்பில் எழுந்து நின்றால் ஒரு வாலும் நினைவிருக்காது.

ஒரு நாள் டீச்சர் அம்மாவை எழுப்பி, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று ரஷ்ய மொழியில் கேட்கச் சொன்னார். அம்மா கேட்டாள். அவள் கேட்டது வேறு ஏதோ ஆகிவிட்டிருக்க வேண்டும், முன் பெஞ்சுப் பையன்கள் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார்கள். டீச்சருக்கும் உதட்டோரம் துடித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ரஷ்ய நோட்டைப் பைக்குள் அடியில் திணித்தாள். இனிமேல் சாயங்காலங்களில் விளையாடப் போகலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

கிழக்கேகோட்டையில் இறங்கியதும் அம்மா பழக்காரியிடம் போனாள். ஏத்தன்பழத்துக்கு விலை கேட்டாள். அவள் சொன்ன விலைக்கு அம்மா மலையாளத்தில் பொங்கினாள். பழக்காரியும் பொங்கினாள். பழம் கனிந்துவிட்டது, நாளைக்குத் தாங்காது, நேற்று இந்த விலை இல்லையே என்று மூச்சு விடாமல் வாதாடி ஜெயித்து, பழச்சீப்பைப் பையில் போடும்போது அம்மா சட்டென்று நின்றுவிட்டாள்.

“ஏட்டி, மலையாளத்த நான் எந்த புக்க பாத்து படிச்சேன்?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறந்தபோதே அவள் மலையாளம் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் அம்மா டீச்சரிடம் போனாள். ரயில் நிலையமும் தபாலாபீசும் எனக்கு வேண்டாம், நான் கேட்கிற சில வாக்கியங்களை மட்டும் வாயால் சொல்லித் தாருங்கள், காதால் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். களைப்பாக இருக்கிறதா? பசிக்கிறதா? காரமாக இருந்தால் வைத்துவிடு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உன் அம்மாவிடம் போனில் பேசணுமா? பயப்படாதே. டீச்சர் சிரித்துவிட்டு, “சேச்சி, இதொண்ணும் நம்முடெ புஸ்தகத்தில் இல்லல்லோ!” என்றார். பிறகு, மரியாதையாக ‘நீங்க’ போட்டுச் சொல்லித் தரவா, ‘நீ’ போட்டா என்று கேட்டார். தங்கச்சியை யாராவது நீங்க என்பார்களா என்றாள் அம்மா. அன்றிலிருந்து வகுப்பு முடிந்த பிறகு எங்களுக்குத் தனியாக ஒரு கால் மணி நேரம் கிடைத்தது.

ஆனால் வாக்கியம் இருந்தால் போதாது, கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் நான் சித்தியானேன். அடுக்களையில் எனக்கு ஒரு ஸ்டூல். நான் வாசல்படி தாண்டி உள்ளே வந்ததும் அம்மா கைவேலையை நிறுத்திவிட்டு, “சதீஸ்” என்பாள். உட்கார் என்று அர்த்தம். உட்காருவேன். “தீ உஸ்தாலா?” களைப்பாக இருக்கிறதா? ரஷ்ய மொழியில் ஆமாம் என்பதற்கு ‘தா’ என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மொழி எனக்குப் பிடித்துப்போயிற்று. பசிக்கிறதா என்று அம்மா கேட்கும்போது “தா” என்றால் இரண்டு மொழியிலும் வேலை நடந்தது. தமிழில் பதில் சொன்னால் செல்லாது. தட்டில் இருக்கும் பழம் எந்தப் பழம் என்று ரஷ்ய மொழியில் தெரியாவிட்டால் பழம் கிடையாது.

இதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. தமிழில் என் அம்மா வேறு மாதிரி. கடையாட்களுக்கும் சேர்த்துப் பொங்குகிற வீடு அது. காலையிலிருந்து அவள் வாயில் “தள்ளி நில்லுட்டி”, “எடுத்து வைட்டி”, “எத்தன தடவ சொல்லுதது” இவைதான் வரும். ரஷ்ய மொழியிலோ அவளுக்குத் திட்டத் தெரியாது. டீச்சரிடம் அவள் அதைக் கேட்டு வாங்கியிருக்கவில்லை. என் கன்னத்தைத் தொட்டு, களைப்பா, வியர்க்கிறதா, பயப்படாதே என்றெல்லாம் அவள் விசாரித்தது அந்த ஸ்டூலில் நான் இருந்தபோதுதான். பயப்படாதே என்பதற்கு அவர்கள் சொல்வது அம்மாவின் வாயில் “நீ போய்ஸ்யா” என்று வந்தது. டீச்சர் எவ்வளவோ திருத்திப் பார்த்தார். அது போய்க்கொண்டேதான் இருந்தது.

ஆவணி பிறந்து, மழை விட்ட ஒரு காலையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். டாக்ஸியைச் சுற்றி ஆரியசாலையின் சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். சித்தி நான் நினைத்த மாதிரி இல்லை. அம்மாவைவிட உயரம், ஆனால் முகம் சின்னதாக, தூங்காத கண்ணோடு இருந்தது. சித்தப்பா உடுத்திவிட்டிருக்க வேண்டும், புடவை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மாடி ஏறி வந்தாள். கூடத்தில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சித்தப்பா போய் அவர் காலைத் தொட்டார். பேப்பர் அசையவில்லை. சித்தியும் அதேபோல் குனிந்து தொட்டாள். பேப்பர் அப்போதும் அசையவில்லை. அவள் நிமிர்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அத்தனை மாதம் படித்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. அவள் முகம் சிவந்தது. கண் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் என்மேல் வந்து நின்றது. உடனே மடை திறந்தது.

“சதீஸ்,” என்றாள் என்னிடம். நான் பழக்கதோஷத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். “தீ உஸ்தாலா?” என்றாள் என்னைப் பார்த்து. நான் “தா” என்பதற்குள் அந்தப் பக்கமிருந்து இன்னொரு “தா” வந்தது. சித்தி சொன்னது. சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கு இப்போது அவள் பக்கம் திரும்ப முடிந்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து, “நீ போய்ஸ்யா, நீ போய்ஸ்யா” என்றாள்.

பேப்பர் கீழே இறங்கியது.

“வீடு தேடி வந்த பிள்ளைய நீ போ, நீ போன்னு வெரட்டுதியே, உனக்கு வட்டா, கிறுக்கா?” என்று தாத்தா கத்தினார். “இத படிக்கத்தான் பஸ் ஏறிப் போனியா?” எழுந்து வந்தார். அயலாரிடம் பேசினால் தாத்தாவுக்கு மலையாளம்தான் வரும். சித்தியிடமும் அதுதான் வந்தது. “மோளே, இவிடெ இரிக்கு. எங்ஙும் போகண்டா,” என்று தம் நாற்காலியைக் காட்டினார். மலையாளமும் தெரியாத சித்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக அவரை அண்ணாந்து பார்த்தாள். சித்தப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அதோடு என் வேலை போயிற்று. அடுக்களை ஸ்டூலில் நிஜச் சித்தி உட்கார்ந்தாள். களைப்பா, பசிக்கிறதா என்கிற விசாரணையெல்லாம் அவளுக்கு. எனக்கு மறுபடி “தள்ளி நில்லுட்டி.” முதல் சில நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளுக்குத் தமிழ் சொல்லித் தரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவேன். சரியாகச் சொன்னால்தான் கையில் கொடுப்பேன். கத்தரிக்காயை அவள் நாக்கு ஏற்க மறுத்தது. ஆனாலும் விடாமல் முயன்றாள்.

ஓணச் சமயம் கடையில் நிற்க நேரமிருக்காது. அன்று கடையாட்களுக்குச் சோறு போய், தாத்தா, அப்பா, சித்தப்பா சாப்பிட்டு, சித்தியும் நானும் சாப்பிட்டு, பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அம்மாவின் தட்டு மட்டும் காலையில் வைத்தபடியே அலமாரியில் இருந்தது. வெயில் அடுக்களை ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தது. சித்தி அடுப்படியில் நின்ற அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ கூட்டிப் பார்த்தது. பிறகு, நான் சொல்லிக்கொடுக்காத ஒரு வாக்கியத்தைத் தானே உருவாக்கிச் சொன்னாள்.

“அக்கா, நீ சாப்பிட்டேன்?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்படிச் சொன்னா தப்பு சித்தி! சாப்பிட்டேன்னா நான் சாப்பிட்டேன்னு அர்த்தம். சாப்பிட்டீங்களான்னு கேக்கணும்,” என்று வாத்தியாரம்மா தோரணையில் விரலை ஆட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த கரண்டியை மெதுவாக மேடைமேல் வைத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தெருவில் என்னவோ நடப்பதுபோல் வெகுநேரம் நின்றாள். தெருவில் ஒன்றும் நடக்கவில்லை, நான் எட்டிப் பார்த்தேன்.

“அவ சரியாத்தான் கேட்டாட்டி,” என்றாள் அம்மா, திரும்பாமலே.

இவ்வளவு ரஷ்ய மொழி படித்த என் அம்மாவுக்குச் சொந்தத் தமிழில் இந்தச் சின்னப் பிழைகூடப் பிடிபடவில்லையே என்று எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.