பொதிந்து வைத்த ஒரு மாத்திரை

எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களை மலையாள அரசிடமிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த ஆண்டுகளில் நான் பாறசாலையிலிருந்து ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊர்வலம் எங்கே தொடங்கியது, யார் பேசினார்கள், போலீஸ் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் சாயங்கால ரயிலுக்கு முன் எழுதி முடித்துவிடுவேன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதியதில்லை.

என் அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகப் பிள்ளைகளிடம் சொன்னாள். அதன் பிறகு சத்தம் வீட்டுச் சுவருக்கும் வந்தது. சபையில் ஞாயிறுதோறும் ஜெபித்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நரம்பைத் தணிக்கும் புரோமைடு மிக்சர் கொடுத்தார்கள். மிக்சர் அந்தச் சத்தத்தை நிறுத்தவில்லை. அதைப் பற்றி அவளால் சொல்ல முடியாதபடி நாக்கைத் தடிக்க வைத்தது.

கடைசியில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு டாக்டர் அப்போதுதான் வந்திருந்த புதிய மாத்திரை ஒன்றைத் தொடங்கினார். ஆறாவது வாரம் நான் பார்க்கப் போனபோது அக்கா தலை சீவி உட்கார்ந்திருந்தாள். "எலே, எனக்க கிளாசை இப்ப ஆரு எடுக்காவ?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் முழுக் கேள்வி அது.

ஒரு மாதத்துக்கு மாத்திரையும், ஊர்ப்பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து கொடுக்கும்படி ஒரு கடிதமும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கடிதத்தோடு போனேன். கம்பவுண்டர் அதைப் படித்துவிட்டு வழக்கமான மிக்சர் பாட்டிலை எடுத்தார்.

"அந்த மாத்திரை இங்க இல்ல சாரே. இதக் கொண்டு போங்க. ரண்டும் தலைக்கு உள்ள மருந்தாக்கும்."

"டாக்டர் எளுதினது மாத்திரையில்லா?"

"அவரு எளுதுவாரு. அவருக்கு அங்க உண்டு. இங்க வரணுமெண்ணா மருந்து கேட்டு இண்டென்ட் போகணும். இண்டென்ட் போக மேலாபீஸ் உத்தரவு வேணும். உத்தரவுக்கு நீங்க மனு குடுக்கணும்."

விசாரித்த மருந்துக் கடை எதிலும் அது இல்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் தொடர்ந்து வாங்க வேண்டுமானால் அக்காவை மறுபடி உள்ளே சேர்க்க வேண்டும். ஆக, மனு ஒன்றுதான் வழி.

அதற்கு முந்தின வாரம் எங்கள் வாசகசாலையில் ஒரு தீர்மானம் போட்டிருந்தோம். இனி எந்த அரசு அலுவலகத்துக்கும் தமிழில்தான் மனுக் கொடுப்பது. நானும் கை தூக்கினேன். அந்தச் செய்தியை எழுதி அனுப்பியதும் நான்தான். அதனால் அக்காவின் மருந்துக்கான மனுவைத் தமிழில் எழுதினேன். மலையாளத்தில் எழுத எனக்கு அரைமணி நேரம் போதும். பள்ளிக்கூடம் முழுக்க நான் படித்தது அந்த மொழியில்தான்.

மேலாபீஸ் குமாஸ்தா மனுவை என் முன்னாலேயே தடங்கலில்லாமல் வாசித்தார்.

"அக்காளுக்கா? கஷ்டமாச்சே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலையாளத்தில எளுதித் தாருங்க, இண்ணைக்கே மேசைக்குப் போவும். இது டிரான்ஸ்லேஷனுக்குப் போனா எப்ப திரும்பி வருமெண்ணு எனக்கே தெரியாது."

"போகட்டும்," என்றேன்.

அது பதினெட்டு நாள் கிடந்தது. அந்த நாட்களில் நான் இரண்டு ஊர்வலங்களுக்கும் ஒரு கடையடைப்புக்கும் போனேன். மருந்து சீக்கிரம் தீராமலிருக்க அக்கா நாளுக்கு மூன்று மாத்திரையை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மனு என்னாச்சு?" என்று அவளே கேட்டாள்.

"டிரான்ஸ்லேஷனுக்குப் போயிருக்கு."

"எந்த பாஷையில குடுத்த?"

"தமிழில."

சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "எலே, ஒனக்கு மலையாளம் மறந்து போச்சா?"

"தீர்மானம் போட்டிருக்கு அக்கா."

"தீர்மானத்துக்குக் கை தூக்கினது நீ. நான் தூக்கல்ல. சுவருல சத்தம் எனக்காக்கும் கேக்குது, ஒனக்க கமிட்டிக்கில்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "நானும் தமிழச்சிதான் மக்கா. நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டோட சேரணுமெண்ணா நானும் வந்து கொடி பிடிக்கியேன். அதுக்கு முதல்ல எனக்குத் தலை நேரே நிக்கணும். பேப்பர் எடு."

பேனாவை இறுக்கிப் பிடித்து, வகுப்பில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில், மலையாளத்தில் அவளே எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. மிக்சர் குடித்த மாதங்களில் நாக்கு தடித்தது, உடம்பில் தடிப்பு வந்தது, வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரை வாசிக்க முடியாமல் போனது, சத்தம் மட்டும் நிற்காதது. மாத்திரை தின்ற வாரங்களில் வாய் வறண்டது, வெயில் பட்டால் தோல் எரிந்தது, சத்தம் முதலில் தூரமாகப் போய்ப் பிறகு நின்றது. நல்லதையும் கெட்டதையும் ஒரே அளவில் சொல்லியிருந்தாள். எதற்கும் அழவில்லை, எதற்கும் கெஞ்சவில்லை. வெட்ட வேண்டிய ஒரு வரியும் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு மாத்திரை மிச்சமிருந்தது. அதைக் காகிதத்தில் பொதிந்து பையில் வைத்தாள். தின்னச் சொன்னேன்.

"இது தின்னியதுக்கில்ல. நாளைக்கு அந்தக் கம்பவுண்டர் வேற எதையெங்கிலும் எடுத்து நீட்டி, இதுதான் அதுண்ணு சொல்லுவான். ஒத்துப் பாக்க ஒண்ணு வேண்டாமா?"

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். குமாஸ்தா மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, தபாலில் அறிவிப்போம் என்றார். "நான் இருக்கியேன்," என்று சொல்லிவிட்டு அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் அதிகாரி சாப்பிடப் போனபோதும், திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தாள். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, நோயாளி எங்கே என்று என்னிடம் மலையாளத்தில் கேட்டார்.

"அவனிடம் கேட்க வேண்டாம் சார், அவன் பத்திரிகைக்காரன். நோய் எனக்கு," என்று அக்கா அதே மலையாளத்தில் சொன்னாள்.

அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். இதை எழுதியது யார் என்று கேட்டார். தான்தான் என்றாள். மேலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மருந்து வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் வாசகசாலையில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் கேட்டார், "ஒனக்க அக்கா மலையாளத்தில மனு குடுத்தாளாமே? இந்த நியூஸ் அனுப்பலியா?"

"நான் தமிழில குடுத்தது பதினெட்டு நாள் கிடந்ததும் நியூஸ்தான். அதையும் அனுப்பல்ல," என்றேன். அவர் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த ஒன்பது நாளும் அக்காவுக்குக் கடினமாக இருந்தன. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில்தான் உட்கார்ந்தாள், சுவர் இல்லாத பக்கமாக. பையிலிருந்த மாத்திரையை மட்டும் தொடவில்லை.

பத்தாம் நாள் கம்பவுண்டர் ஜன்னல் வழியே ஒரு பாட்டிலை நீட்டினார். அக்கா அதைத் திறந்து ஒரு மாத்திரையைத் தட்டி எடுத்து, தன் பொதியைப் பிரித்து, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அளவு ஒன்று, நிறம் ஒன்று. திருப்பிப் போட்டும் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லையோ டீச்சரே?" என்றார் அவர்.

"ரண்டும் தலைக்கு உள்ள மருந்துண்ணு சொன்ன ஆளில்லா நீங்க?"

அவர் சிரித்து, தண்ணீர் தந்தார். பழைய மாத்திரையை அங்கேயே விழுங்கினாள். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவள் நகரவில்லை.

"இது ஒரு மாசத்துக்காக்கும். அடுத்த மாசத்துக்க இண்டென்டை இப்பளே எளுதுங்க. எளுதியத நான் பாத்துட்டுப் போறேன்."

கம்பவுண்டர் பேனாவைத் தேடினார்.