மணல்தொட்டிக்குச் சிமென்ட் பூசிய கதை

எனக்கு ஐந்து வயது நடந்தபோது, தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் உம்மா சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. பள்ளிக்குச் செயலாளர் என் மூத்தாப்பா, வாப்பாவின் அண்ணன். வாப்பா சவுதியில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கும் அவரே செயலாளர்.

உம்மா அப்போது எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று மேல்நாட்டார் சொன்னதையும் இஸ்லாமிய அறிஞர்கள் சொன்னதையும் ஒப்பிட்டு ஆய்வு எழுத வேண்டும். நோட்டின் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுவாள். எதிலெல்லாமோ முரண்படுகிறவர்கள், பிள்ளை விளையாட வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறார்கள் என்று அவள் கண்டுபிடித்த அன்று மீன்குழம்பு அடிப்பிடித்துப் போனது.

அந்த உற்சாகத்தில் பள்ளி முற்றத்தில் ஒரு மணல்தொட்டி கட்ட வைத்தாள். ஈர மணலில் விரலால் ‘அ’ எழுதினோம், அரபியின் முதல் எழுத்தான அலிஃப் எழுதினோம். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவை உம்மா வரி வரியாகச் சொல்ல, மணல்வீடு கட்டிக்கொண்டே திருப்பிச் சொன்னோம். எனக்கு அது மனப்பாடமானது அங்கேதான். யாரும் என்னை ஓர் அடி அடித்ததில்லை.

பெற்றோரில் யாரோ புகார் சொல்ல, மூத்தாப்பா வந்தார்.

“படிக்க அனுப்பின பிள்ளியள மண்ணுல பொரள விட்டிருக்கியா? வெள்ளக்காரன் சொல்லித் தந்தானா? பிரம்ப எடு.”

உம்மா குரலை உயர்த்தவில்லை; வழக்கம்போல அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றே அழைத்தாள். “நம்ம மார்க்கத்துல ஏழு வயசு ஆவாத பிள்ளைய தொழக்கூட ஏவச் சொல்லல்ல, காக்கா. நீங்க அஞ்சு வயசுல அடிக்கச் சொல்லுதிய. இது எந்தக் கிதாபுல இருக்கு?”

மற்ற ஆசிரியைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தாப்பாவின் முகம் கறுத்தது. என்னைக் கூப்பிட்டு ஃபாத்திஹா ஓதச் சொன்னார். பிழையில்லாமல் ஓதினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “அடிச்சுப் படிப்பிச்சுத் தந்ததுனாலத்தான வந்துது, மக்கா?”

மிட்டாயையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த முகம் எந்தப் பதிலைக் கேட்கிறது என்று புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். மிட்டாய் கைக்கு வந்தது. உம்மா இருந்த பக்கம் திரும்பாமல் பிரித்து வாயில் போட்டேன்.

மறுநாளே மணலை அள்ளிப் போனார்கள். தொட்டியை மூடிச் சிமென்ட் பூசினார்கள்.

மூன்று நாள் உம்மா பாத்திரம் வைத்த சத்தத்தில் பூனைகூட அடுக்களைப் பக்கம் வரவில்லை. பயந்துபோய், மூத்தாப்பாவிடம் பொய் சொன்னதை உம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். “கோவம் ஒனக்க மேல இல்ல மக்கா,” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் நான் நம்பவில்லை.

இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. மூத்தாப்பாவை நான் ஏமாற்றிவிட்டதாக அன்று நினைத்திருந்தேன். அவர் கடை பள்ளிக்கு எதிரே. மணலில் உட்கார்ந்து நாங்கள் ஓதியது அவருக்குத் தினமும் கேட்டிருக்கும்; அடி விழும் சத்தம் ஒருநாளும் கேட்டிருக்காது. உண்மை தெரிந்துகொண்டேதான், அத்தனை பெரியவர்கள் நிற்க, ஐந்து வயதுப் பிள்ளையைப் பொய்ச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்.