ஓர் ஏணிக்கு இரண்டு ஊராட்சி

குளிர்காலத்தில் அலை எதுவரை ஏறுகிறதோ அதுவரை கரை எல்லோருக்கும் சொந்தம் என்கிறது சட்டம். எல்லோருக்கும் சொந்தமானதில் ஒரு சௌகரியம் உண்டு. உடைந்துவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை.

இந்தச் சௌகரியம் நெவென்காவுக்கு ஜனவரியில்தான் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் தீவின் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. தினமும் கடலில் நீந்தினால் நடப்பீர்கள், இல்லையென்றால் கத்திதான் என்று அக்கரையில் உள்ள ஸ்ப்லித் நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கீழே உள்ள குடாவில் மணல் கிடையாது. பாறையும் பாறை நிறையக் காலில் குத்தும் கடல் முள்ளெலிகளும்தான். கடலில் இறங்க இருந்தது ஒரே ஓர் இரும்பு ஏணி. ஜனவரியில் புயலாக அடித்த தென்காற்று அதைப் பிடுங்கிப் பாறைமேல் படுக்கப்போட்டது.

குடாவின் நடுவே லுச்சினா ஊராட்சிக்கும் க்ருஷெவிக்கா ஊராட்சிக்கும் எல்லை ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து கரையை நிர்வகிப்பதாக இரண்டு வருஷம் முன்பு ஆட்டுக்குட்டி வாட்டி, ஒயின் ஊற்றி, ஒப்பந்தம் போட்டன. எல்லைக்கோடு சரியாக ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவே போயிற்று.

லுச்சினாவின் கரை அதிகாரி தின்கோ வந்து பார்த்து, தங்கள் பக்கத்து இடக்கால் திடமாக இருந்ததாகவும் வலக்கால்தான் அதை இழுத்துக்கொண்டு போனதாகவும் குறித்துக்கொண்டார். க்ருஷெவிக்காவின் ஷ்பீரோ அதையே இடம் மாற்றி எழுதினார். மே மாதத்துக்குள் இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே பதினோரு பதிவுத் தபால்கள் போய்வந்தன. நெவென்காவுக்கு மாடிப்படி ஏற ஐந்து நிமிஷம் ஆகத் தொடங்கியது. ஆபரேஷனுக்கு ஸ்ப்லித்திலிருந்து தேதியும் வந்துவிட்டது.

இதில் ஒரு விசேஷம். கடிதம் எழுதிக்கொள்ளும் அந்த இருவரும் தினமும் பத்தரை மணிக்குத் துறைமுகச் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். அந்த நேரத்தில் தீவில் எந்த அலுவலகமும் திறந்திருக்காது. சாப்பாட்டு மேசையில் வேலை பேசுவது மட்டும் பெரிய அநாகரிகம். பேச வேண்டியதைத் திரும்பிப் போய்க் கடிதமாக எழுத வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நெவென்கா இருவருக்கும் நடுவே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, சாப்பிடுற நேரத்துல ஆபீஸ் பேசக்கூடாது. மீன் கோவிச்சுக்கும்," என்றார் தின்கோ.

"நான் எங்கப்பா பேச வந்தேன்? தகவல் சொல்லிட்டுப் போக வந்தேன். நாளைக்கு வெல்டர் வீட்சே வந்து ஏணியை நிறுத்தப் போறான்."

ஷ்பீரோ ரொட்டியைக் கீழே வைத்தார். "பொதுக் கரையில அனுமதி இல்லாம ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுக்கா. நாங்க தடுத்தாகணும்."

"தாராளமா தடுங்க. 'இது எங்க ஏணி, கை வைக்காதே'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. யார் குடுக்கறீங்களோ, ரிப்பேருக்கு அவங்ககிட்டயே வந்து நிக்கறேன். யார் தம்பி எழுதறீங்க?"

தின்கோ மத்தி மீனின் முள்ளை வாழ்க்கையில் இல்லாத கவனத்தோடு உருவினார். ஷ்பீரோ கடலைப் பார்த்தார். பிறகு, அந்த மேசையின் வரலாற்றில் முதல்முறையாக, வேலை பேசப்பட்டது.

"உன் பக்கந்தானேடா அது?" என்றார் ஷ்பீரோ.

"கூட்டுப் பொறுப்புடா," என்றார் தின்கோ.

மறுநாள் வீட்சே பத்தரைக்கு வேலையைத் தொடங்கினான். தடுக்க ஒருவரும் வரவில்லை. இரண்டு ஊராட்சிகளும் சேர்ந்து அவ்வளவு ஒற்றுமையாக எதையும் பார்க்காமல் இருந்தது அன்றுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நெவென்கா நீரில் இருந்தபோது மேலே காலடிச் சத்தம். ஆளுக்கொரு கேமராவோடு தின்கோவும் ஷ்பீரோவும் நின்றிருந்தார்கள். கூட்டு நிர்வாகத்தின் முதல் சாதனை என்று அவரவர் மன்றத்துக்கு அறிக்கை போக வேண்டுமாம்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல விழறீங்க," என்றார் ஷ்பீரோ.

நெவென்கா தள்ளிப் போனார். மல்லாந்து மிதந்தபடி இடுப்பை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு இடப்பக்கம். வலித்தது, ஆனால் போன மாதத்து வலி இல்லை. ஸ்ப்லித்துக்குப் போன் போட்டு அந்தத் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாம் என்று முடிவு செய்துகொண்டு, குடாவின் எதிர்ப்பாறை வரை இன்னொரு நடை போனார்.